நீல எழுத்தில் போட்ட நாற்பத்தைந்து வீடு

ஆகஸ்ட் 5, திங்கள்

சொல்வது நான், பிச்சைக்கண்ணு, வயது எழுபத்து நான்கு, உப்பளத் தொழிலாளர் சங்கத் துணைத் தலைவர். எழுதுவது என் மனைவி செல்லக்கனி. எனக்கு எழுத்து வாசனையே கிடையாது. அவள் எட்டாவது வரை படித்தவள்.

நேற்றுக் கூட்டத்தில் தலைவர் தவசிமணி, "மனை விஷயம் முடியுத வரைக்கும் தினமும் நடந்ததை எழுதி வைக்கணும்வே. நாளைக்கு எவனும் மாத்திப் பேசப்புடாது" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணாச்சி தலைக்குள்ள எல்லாம் பத்திரமா இருக்கு, இறக்கி வச்சாப் போதும்" என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, யாரோ. பால்துரைதான். மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

விஷயம் இதுதான். கம்பெனியின் குத்தகை முடிந்துவிட்டது. தை பிறந்ததும் நாங்கள் குடியிருக்கும் கம்பெனி லைன் வீடுகளை இடிக்கப் போகிறார்கள். குடியிருக்கும் நாற்பத்தாறு வீட்டுக்கும் ஆளுக்கு இரண்டு சென்ட் மனை தருவதாக உத்தரவு வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் மட்டும்தான் விண்ணப்பம் போடலாம். இந்த மாதம் முப்பத்தொன்று கடைசி. விட்டவனுக்குக் கிடையாது.

சங்க அறையில் வைத்து, வரிசையாக, எல்லா வீட்டுக்கும் சங்கமே போடுவதென்று தீர்மானம். யாரும் தனியாகப் போகக் கூடாது. எண்பத்தேழு வேலைநிறுத்தத்தில் பத்தொன்பதாவது நாள் கம்பெனி ஆட்கள் வீடு வீடாக வந்து ஒவ்வொருத்தனாகப் பிரித்தார்கள். முதலில் பிரிந்தவன் பெயரும் அன்று அவனுக்குக் கொடுத்த வேட்டியின் கரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து இங்கே எது செய்தாலும் சேர்ந்துதான்.

(இவர் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உலை கொதிக்கிறது. நிறுத்துகிறேன். - செ.)

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கம்ப்யூட்டரில் உட்காருவது ஜெபராணி. நாற்பது வயது, நாலாவது லைனில் வீடு. ஏற்றுமதிக் கம்பெனியில் பதினொரு வருஷம் டைப் அடித்தவள். புருஷன் போனபின் சங்கத்தில் பகுதி நேரம் வருகிறாள். என்னைச் சித்தப்பா என்பாள்.

இன்று காலையே தகராறு. திரையில் இரண்டு படம் இருக்கிறது. ஒன்று நீல நிறத்தில் ஒரு இங்கிலீஷ் எழுத்து, ஒன்று ஆரஞ்சு உருண்டை. இரண்டும் பிரவுசராம். எதைத் தட்டினாலும் இன்டர்நெட் திறக்குமாம். அவள் உருண்டையைத் தட்டப் போனாள். நான் கையைப் பிடித்தேன்.

"நீல எழுத்துல தொற."

"அது பழசு சித்தப்பா. செஞ்சவனே அதைக் கைவிட்டுட்டான்."

"அந்தப் பக்கத்து மேல என்ன எழுதியிருக்குன்னு வாசி."

அவள் நீல எழுத்திலேயே திறந்து வாசித்தாள். நீல எழுத்தில் திறந்தால்தான் நன்றாகத் தெரியும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அது தெரியும். இரண்டாயிரத்து எட்டு, ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை. நல வாரிய அட்டைக்குப் பஜாரில் ஒரு சென்டரில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பதிந்தோம். அங்கே இருந்தவன் வேறு ஏதோ ஒன்றில் திறந்துவிட்டான். அட்டை வந்தபோது ஒருத்தன் பெயரும் பெயராக இல்லை, எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. ஆபீஸில் கோடு போட்ட பழுப்புச் சட்டைக்காரர் சொன்னார்: "பெரியவரே, இது நீல எழுத்துலதான் வரும். அதுல போட்டிருக்கணும்." ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷம் செத்த நாலு பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு பேரையும் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன்.

இதைச் சொன்னேன். ஜெபராணி பொறுமையாகத்தான் பேசினாள்.

"அப்ப நீங்க சொன்னது சரி சித்தப்பா. அப்ப பக்கம் செஞ்சவன் இந்த நீல எழுத்துக்குன்னே தனியாச் செஞ்சான். இப்ப அப்படி இல்ல. வெப்புக்குன்னு பொதுவா ஒரு விதி இருக்கு, உலகத்துக்கே ஒண்ணு. பக்கம் செய்யுதவனும் அதைப் பாத்துச் செய்யணும், பிரவுசரும் அதைப் பாத்துக் காட்டணும். உருண்டை அந்த விதிப்படி காட்டும். நீல எழுத்து தனக்குத் தெரிஞ்சதை மட்டும் காட்டும், தெரியாததைச் சத்தமில்லாம முழுங்கிரும்."

"அப்பறம் ஏன் மேல அப்படி எழுதியிருக்கான்?"

"பக்கத்தைப் புதுசா மாத்தினவன் பழைய வரியை எடுக்க மறந்திருப்பான்."

"அரசாங்கம் மறந்துட்டு, நீ கண்டுபிடிச்சுட்ட."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவசிமணி, "அண்ணாச்சி ஞாபகத்துக்கு மேல என்ன இருக்கு? நீலத்துலயே போடும்மா" என்று முடித்தார்.

இன்று மூன்று வீடு.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஐந்து வீடு. தண்ணீர் லாரி வரவில்லை. செல்லக்கனிக்குக் குதிகால் வெடிப்பில் ரத்தம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று எங்கள் வீடு. ஆதார் எண்ணை நான் பார்க்காமல் சொன்னேன். ஜெபராணி அட்டையை வைத்துச் சரிபார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை. கடைசியில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்ததாம். பக்கத்தைத் தாளில் எடுத்து, சங்க முத்திரையை நானே குத்தினேன். எல்லாத் தாளிலும் குத்துவது நான்தான். முத்திரை விழுந்தால்தான் சனத்துக்கு நம்பிக்கை வருகிறது. அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறார்கள்.

இவளும் அப்படித்தான் வைத்தாள். பிறகு வாசலில் குச்சியால் கோடு போட்டு, "இது அடுப்படி, இது நம்ம படுக்கிற இடம். மேற்கால ஒரு சன்னல். உப்புக் காத்து அடிக்காத பக்கமாப் பாத்து" என்றாள்.

"ரெண்டு சென்ட்ல நீ அரண்மனை கட்டுத" என்றேன்.

"அம்பது வருசமா கம்பெனிக்காரன் வீட்டைக் கூட்டிப் பெருக்கியிருக்கேன். கோடு போடக்கூட எனக்கு உரிமை கிடையாதாக்கும்" என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

இசக்கிராஜ் தனியாகப் போய்விட்டான். லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், இரண்டாவது லைன். நகரத்தில் மைத்துனனுடைய கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறான். சாயங்காலம் சங்கத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தோம்.

"ஏம்ல, உனக்கு மட்டும் அவசரமோ?" என்றேன்.

"எனக்கு நாளைக்கு லோடு இருக்கு. வரிசையில நிக்க முடியாது. போட்டேன், வந்துட்டு. அவ்வளவுதான்."

"எண்பத்தேழுல உங்கப்பன் கடைசி நாள் வரைக்கும் எங்ககூட நின்னான்."

"நின்னாரு. அப்பறம் ரெண்டு வருசம் கஞ்சி குடிச்சோம். அதையும் ஞாபகம் வச்சுக்கிடும்."

தாளை எடுத்துக் காட்டினான். எங்கள் தாள் மாதிரி இல்லை. வலது மூலையில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி நிறைந்த ஒரு சதுரம். அவன் பெண்டாட்டி போனுக்கு மெசேஜும் வந்ததாம். எங்களில் யாருக்கும் வரவில்லை. "நமக்குப் பெறகு மொத்தமா வரும்" என்றேன். அவனோடு ஒரு மாதம் யாரும் பேசக் கூடாது என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 15

கொடி ஏற்றினோம். மிட்டாய்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இதுவரை முப்பத்தொரு வீடு. காலையில் ஜெபராணி ஏதோ சொன்னாள். நான் பதில் சொன்னேன். எழுத வேண்டிய விஷயம் இல்லை.

(வீட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிடவில்லை. - செ.)

ஆகஸ்ட் 21, புதன்

இரண்டு வீடு. ஜெபராணி என்னைப் பார்க்காமலேயே டைப் அடித்தாள். முத்திரை மை தீர்ந்து புதிது வாங்கினேன்.

ஆகஸ்ட் 31, சனி

நாற்பத்தைந்தும் முடிந்தது. கடைசி வீடு பால்துரையுடையது, சாயங்காலம் நாலு இருபதுக்கு. தவசிமணி காராச்சேவு வாங்கினார். "சங்கம்னா இதுதாம்வே" என்றார். ஜெபராணிக்கு ஒரு துண்டு போர்த்தினோம். அவள் என்னைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 18, புதன்

மெசேஜ் யாருக்கும் வரவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். வரும் என்று சொல்கிறேன். செல்லக்கனி சன்னல் மேற்கிலா தெற்கிலா என்று மறுபடியும் யோசிக்கிறாள். எதிலாவது வை என்று கத்திவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

மனை கிடைத்தவர்கள் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். எங்கள் லைன் வீடுகளிலிருந்து ஒரே ஒரு பெயர்.

இசக்கிராஜ்.

அக்டோபர் 18, வெள்ளி

தவசிமணியும் நானும் ஆபீஸுக்குப் போனோம். ஜெபராணியும் வந்தாள். ஒன்றரை மணி நேரம் நின்றோம். மேசைக்காரர் முத்திரை குத்திய தாள்களைக் கட்டோடு வாங்கிப் புரட்டினார்.

"இது யார் முத்திரை?"

"சங்க முத்திரை."

"சங்க முத்திரையை வச்சு நான் என்ன செய்ய? இதுல பதிவு எண் எங்க?" திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "பாருங்க, நாப்பத்தஞ்சும் இருக்கு. எல்லாம் பாதியில நிக்கு. எழுதிச் சேமிச்சிருக்கீங்க, அனுப்பல. கடைசியா உறுதி செய்யணும்லா? கீழ பொத்தான் இருந்துச்சே?"

"எங்களுக்கு அப்படி ஒண்ணு வரவே இல்ல சார்" என்றார் தவசிமணி.

"எதுல திறந்தீங்க?"

ஜெபராணிதான் சொன்னாள். மேசைக்காரர் நெற்றியில் கை வைத்தார்.

"அதுல எப்படிம்மா தெரியும்? புதுசா மாத்தி ஒரு வருசம் ஆச்சே."

"பக்கத்துக்கு மேல நீல எழுத்துன்னு போட்டிருக்கே சார்" என்றேன்.

எட்டிப் பார்த்தார். "ஆமா, இருக்கு. எடுக்கச் சொல்லணும்" என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். எங்களுக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, தேதி முடிந்ததைத் திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, மனு கொடுங்கள், அடுத்த திட்டம் வந்தால் பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

அக்டோபர் 19, சனி

சங்க அறை முன்னால் கூட்டம். "கம்பெனிக்காரன்கிட்ட எவ்வளவுடி வாங்குன?" என்று பால்துரை பெண்டாட்டி ஜெபராணியைக் கேட்டாள். "பதினோரு வருசம் கம்பெனி சோறு தின்னவதான" என்றாள் இன்னொருத்தி. ஜெபராணி அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வெயில் அதிகம்.

அக்டோபர் 21, திங்கள்

இன்று இவர் சொல்லி நான் எழுதவில்லை. நான் கேட்டு இவர் சொன்னதை எழுதுகிறேன். செல்லக்கனி.

காலையில், "தீபாவளிக்கு எண்ணெய் வாங்கணும்னு எழுது" என்றார். பேனாவை மூடினேன்.

"ஆகஸ்ட் இருவதாந்தேதி அந்தப் பிள்ளை உங்ககிட்ட என்ன சொல்லிச்சு?"

"எந்த இருவது?"

"எண்பத்தேழுல எவனோ வாங்குன வேட்டிக் கரை ஞாபகம் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முந்துனது மறந்துட்டோ?"

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னார். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அன்று காலை பதினொன்று பத்து. அறையில் வேறு யாரும் இல்லை. ஜெபராணி தன் விண்ணப்பத்தை ஆரஞ்சு உருண்டையில் திறந்து வைத்துக்கொண்டு இவரைக் கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்துக்குக் கீழே பச்சையாக ஒரு பெட்டி. உறுதி செய்க என்று எழுதியிருக்கிறது சித்தப்பா, இதை அழுத்தினால்தான் போகும் என்றிருக்கிறாள். அதே பக்கத்தை நீல எழுத்திலும் திறந்து காட்டியிருக்கிறாள். அந்த இடம் வெறும் வெள்ளை. இவர் இரண்டையும் பார்த்திருக்கிறார். இசக்கிராஜ் தாளில் இருந்த சதுரம் ஏன் நம் தாளில் இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது என்கிறார்.

"புரிஞ்ச பெறகு?"

"முப்பத்தொரு பேரைத் திரும்பக் கூப்பிடணும். அண்ணாச்சி சொன்னது தப்புன்னு சொல்லணும். நாலு பேரு சங்கத்தை விட்டு வெளிய போவான், இசக்கிராஜ் சொன்னதுதான் சரிம்பான்."

"அதுக்கு?"

"அது ஏமாத்துப் பெட்டியா இருக்கும், பாங்கி நம்பர் கேக்கறவன் வைக்கிறது, தொடாதன்னு சொன்னேன்."

"அவ நம்பினாளா?"

"நம்பல. என்னுததையாவது அழுத்திக்கிடுதேன் சித்தப்பா, எனக்கு வேற நாதி இல்லன்னு சொன்னா. நீ மட்டும் அழுத்துனா நீயும் தனியாப் போனவதான்னேன். அந்த மவுஸ் மேல இருந்து கையை எடுத்துட்டா."

பிறகு கேட்டேன்.

"நம்ம வீட்டைக்கூட நெனைக்கலியா?"

"நெனைச்சேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் வாங்கவில்லை. செல்லக்கனி நான் சொல்வதை எழுதுகிறாள், என்னோடு பேசுவதில்லை. அடுத்த ஞாயிறு பொதுக் கூட்டம். அங்கே சொல்லிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

நவம்பர் 3, ஞாயிறு

கூட்டம் பத்து மணிக்கு. ஜெபராணி வரவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டதற்கு வீட்டில் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். வேலைக்கு வெளியூர் போகிறாளாம்.

அவளைச் சங்கத்திலிருந்து நீக்குவதாகத் தீர்மானம் எழுதி வைத்திருந்தார்கள். வாசிக்கும் முன்பே நான் எழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேதி சொன்னேன், மணி சொன்னேன், பச்சைப் பெட்டி சொன்னேன், அந்தப் பிள்ளை கையை எடுத்ததைச் சொன்னேன். "நாப்பத்தஞ்சு வீட்டையும் கெடுத்தது நான். அவ இல்ல" என்றேன். எனக்குத் தெரிந்து நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது இன்றுதான்.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று முன்வரிசைக்கு இடம் விட்டுத்தான் நின்றேன்.

பால்துரை எழுந்தான். "அண்ணாச்சி, பொம்பளை, அதுவும் புருசன் இல்லாதவன்னு இரக்கப்பட்டுப் பழியை நீங்க ஏத்துக்கிடுதீய. அதெல்லாம் எங்களுக்குப் புரியும்."

"இரக்கம் இல்லலே. நடந்தது."

"படிக்கத் தெரியாத மனுசனுக்கு எது பொத்தான், எது பெட்டின்னு எப்படித் தெரியும்? படிச்சவ அவதான? கையைப் பிடிச்சு அழுத்தியிருக்கணுமா வேண்டாமா?"

"எனக்குத் தெரிஞ்சுச்சுல. ரெண்டையும் பாத்தேன்."

பின்னால் ஒரு பெண் குரல், மூன்றாவது லைன் கனியம்மாள், பக்கத்தில் இருப்பவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. "பாவம், வயசாயிட்டுல்லா. ஞாபகம் பிசகிட்டு."

என் ஞாபகத்தை யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. தலைவர் என் தோளைத் தொட்டு, "உங்க மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி" என்றார். முதலில் ஒருத்தன் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வீடு போன அத்தனை பேரும் எனக்குக் கைதட்டினார்கள். இசக்கிராஜ் மட்டும் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நம்பினான் என்று நினைக்கிறேன். அவன் பேச்சை யார் கேட்பது?

தீர்மானத்தை வாசித்தார்கள். துணைத் தலைவர் ரேகை வைக்க வேண்டும். மைப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். நான் கையை நீட்டவில்லை. அதைப் பார்த்த தவசிமணி, பெரியவருக்கு உதவுகிற மாதிரி, என் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, ஜெபராணி பெயருக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

இதையும் எழுது என்று செல்லக்கனியிடம் சொன்னேன். அவர் மெதுவாகத்தான் பிடித்தார். என் கை முப்பத்தெட்டு வருஷம் பாத்தியில் உப்பு வாரிய கை. இழுத்திருந்தால் வந்திருக்கும்.